எந்தச்சொல் மிஸ்

பால் அடுப்பில் ஏறியிருக்கும். கைபேசி உப்பு ஜாடியில் சாய்ந்து நிற்கும். அவர் வலது கையில் சிவப்பு மைப் பேனாவைப் பிடித்தபடி திரையை வாசித்துக்கொண்டிருப்பார். கைபேசியில் பேனாவுக்கு வேலை இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அது விரலிடுக்கில் இல்லாவிட்டால் எழுத்துப்பிழை கண்ணுக்கு அகப்படுவதில்லை என்பார். "மணசு ரொம்ப வலிக்குது" என்று ஒரு மாணவன் எழுதியிருப்பான். பேனா காற்றில் ஒரு வட்டம் போடும். "மூணு சுழி போட்டா வலி ஜாஸ்தியாயிடுமா தம்பி?" என்று திரையிடமே கேட்பார். கூடத்திலிருந்து கணவரின் குரல் வரும்: "பால்!" அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கும்.

பள்ளியின் மேல்வகுப்புகளுக்கு அவர் இலக்கிய ஆசிரியை. ஐம்பதை நெருங்குகிறவர். வகுப்பில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலியில் கைப்பையை உட்கார வைத்துவிட்டு அவர் பெஞ்சுகளுக்கு இடையே நடந்துகொண்டே இருப்பார். குரல் சின்னது. அதனால் வகுப்பு தானாக அமைதியாகிவிடும். தெருவில் போகும்போது கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே போவது அவர் வழக்கம். பள்ளி முனையிலிருந்த மருந்துக்கடைப் பலகையில் "மருந்துகடை" என்று இருந்தது. ஒரு மாதம் விடாமல் போய்ச் சொல்லி, கடைக்காரர் இடமில்லாத இடத்தில் ஒரு 'க்'கை நெருக்கி எழுதிய பிறகுதான் விட்டார். அதன் பிறகும் தினமும் கடக்கும்போது அந்த எழுத்து இருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார்.

சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. காலையில் ஒரு பூப்படத்தோடு "இனிய காலை வணக்கம்" என்று வந்தால், "இது என்ன பூ?" என்று கேட்டுவிடுவார். அனுப்பியவருக்குத் தெரியாது. "இவகிட்ட குட்மார்னிங் சொல்லவே பயமா இருக்கு" என்று நாத்தனார் அங்கேயே எழுதினார். அதற்கும் பதில் போனது: "பயம்னா எப்படி? சொல்லுங்க அண்ணி." அண்ணி சொல்லவில்லை. இதையெல்லாம் கணவர் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

வகுப்புக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியது அவராகத் தேடிப்போன காரியம் அல்ல. ஒரு நாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு பையன்கள் பெஞ்சுக்கு அடியில் கைபேசியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்தார். அன்றைய பாடக்கதையின் நாயகன் கோழையா இல்லையா என்று சண்டை. ஒருவன் கதையிலிருந்தே வரிகளை எடுத்துப் போட்டு அடித்திருந்தான். மற்றவன் அதே வரிகளைத் திருப்பிப் போட்டு அடித்திருந்தான். அவர் நின்றபடியே கடைசிவரை படித்தார். திட்டு விழும் என்று காத்திருந்தவர்களிடம், "இதைப் பரீட்சைப் பேப்பர்ல ஏன் எழுதல?" என்று மட்டும் கேட்டார்.

"பேப்பர்ல இப்படி எழுதினா மார்க் போயிடும் மிஸ்."

அந்தப் பதில் அவரைத் தூங்கவிடவில்லை. எத்தனையோ வருடங்களாக அவர் திருத்திய தாள்களில் எல்லாம் ஒரே வழிகாட்டி நூலின் ஒரே வாக்கியங்கள்தான் இருந்தன. பிள்ளைகளின் சொந்த எழுத்து இத்தனை நாளும் பெஞ்சுக்கு அடியில் கிடந்திருக்கிறது. மறுவாரம் பிரின்ஸிபலிடம் போய் நின்றார். வகுப்புப் பிள்ளைகள் மட்டும் உள்ளே வரக்கூடிய ஒரு மூடிய பக்கம், வேறு யாருக்கும் தெரியாது என்றார். பிரின்ஸிபல் கெட்டவர் அல்ல. பல பெற்றோரைப் பார்த்துக் களைத்தவர். "சரி, நடத்துங்க. ஆனா வெளிய போச்சுன்னா என்கிட்ட வராதீங்க" என்றார்.

பக்கத்தில் ஆளாளுக்கு ஒரு புனைபெயர். தினமும் காலையில் பாடத்திலிருந்து ஒரே ஒரு வரியை அவர் போடுவார். அதற்குக் கீழே பிள்ளைகள் எழுத வேண்டும். இதயம் போடக்கூடாது. கைதட்டல் போடக்கூடாது. "நல்லா இருக்கு", "செம" இரண்டும் தடை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த வரியில் எந்தச் சொல் உன்னைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்ல வேண்டும். யாராவது மறந்துபோய் "சூப்பர் மிஸ்" என்று எழுதிவிட்டால் உடனே கீழே வரும்: "எந்தச் சொல்?" ஒரு மாதத்தில் அவர் பெயரே 'எந்தச்சொல் மிஸ்' ஆகிவிட்டது. உணவு இடைவேளையில் ஒருவன் இன்னொருவனிடம் "சாப்பாடு எப்படிடா?" என்று கேட்க, அவன் "நல்லா இருக்கு" என்றால், நாலு பேர் சேர்ந்து "எந்தச் சோறு?" என்பார்கள். அது காதில் விழும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

ஒரு நாள் அவர் போட்ட வரி இது: "கதவைச் சாத்திவிட்டு அவன் உள்ளேயே நின்றான்." வெகுநேரம் யாரும் எழுதவில்லை. பிறகு ஜன்னலோரம் என்ற பெயரில் ஒரு பெண் எழுதினாள்: "உள்ளேயே. அந்த ஏ. அது இல்லன்னா அவன் சும்மா நிக்கிறான். அது இருக்கிறதால அவனுக்கு வெளிய போகணும்னு இருக்கு, போகல." அதைப் படித்ததும் அவர் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்து, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவருக்கு வாசித்துக் காட்டினார். ஏகாரத்தைப் பற்றி வருடாவருடம் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். ஒருவரும் அதை இப்படித் திருப்பித் தந்ததில்லை.

அந்தப் பெண் வகுப்பிலும் ஜன்னல் ஓரத்தில்தான் உட்காருவாள். பெயருக்குக் காரணம் அதுதான். கேட்டால் மட்டும் பேசுகிறவள். அவளுக்குப் பின்பெஞ்சில் இன்னொருத்தி. வகுப்புப் பக்கத்தில் அவள் பெயர் முட்கம்பி. மற்றவர்கள் எழுதியதில் பொய்யாக ஒரு சொல் இருந்தால் அதைப் பிடித்துக் குத்துவது அவள் பொழுதுபோக்கு. "நீ அழுதேன்னு எழுதியிருக்க. எப்ப அழுத?" என்று கேட்பாள். இரண்டு பேருக்கும் ஒரே தெருப் பக்கம் வீடு. ஒரு காலத்தில் காலையில் சேர்ந்து நடந்து வந்தவர்கள், இப்போது முன்னும் பின்னுமாக வந்தார்கள். ஏன் என்று அவர் கேட்டதில்லை. பெண்பிள்ளைகளின் பிணக்கு, தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டார்.

ஜன்னலோரத்தின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களுக்கெல்லாம் போய்ப் பழுது பார்ப்பவர். ஒரு வார நாளில், வேலை முடித்து மூன்றாம் மாடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. செய்தி அன்று மாலை வகுப்புப் பக்கத்துக்கு வந்துவிட்டது.

ஆசிரியைதான் முதலில் எழுதினார். "ஆழ்ந்த இரங்கல்கள். குடும்பத்தாருக்கு ஆறுதல் உரித்தாகுக." எழுதி அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு பிள்ளைகள் எழுதினார்கள். ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல்கள், ஆத்மா சாந்தியடையட்டும், அழுகிற முகம், கூப்பிய கை, எரிகிற மெழுகுவத்தி. திரையைத் தள்ளத் தள்ள அதுவே வந்தது.

"நீயா இப்படி எழுதின?" என்று கணவர் எட்டிப் பார்த்துக் கேட்டார். "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு, உரித்தாகுகன்னு."

"வேற என்ன எழுதுறதுன்னு தெரியலங்க."

இருவரும் மறுநாள் துக்கத்துக்குப் போய்வந்தார்கள். கூட்டத்தில் அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கக்கூட முடியவில்லை.

சில நாள் கழித்து, இன்னும் பள்ளிக்குத் திரும்பாத ஜன்னலோரம் பக்கத்தில் எழுதினாள். ஆசிரியை அதை ஓய்வறையில், மதிய உணவு டப்பாவைத் திறந்துகொண்டே படித்தார்.

"மிஸ், நம்ம பக்கத்துல 'நல்லா இருக்கு'ன்னு எழுதக்கூடாதுன்னு ரூல் இருக்கு. 'ஆழ்ந்த இரங்கல்'னு எழுதலாமா? எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். இதுல எந்தச் சொல் மிஸ் எங்க அப்பாவைப் பத்தினது?"

அவர் டப்பாவை மூடிவிட்டார். அவமானத்தைவிட வேறு ஏதோ அவரைப் பிடித்தது. துக்கத்தின் நடுவில் உட்கார்ந்து ஒரு பெண் ஒரு சொல்லைத் தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. தேடக் கற்றுக்கொடுத்தவரே அந்த நேரத்தில் அவளுக்கு உரித்தாகுக என்று எழுதிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்திருக்கிறார்.

மாலையில் அவர் எழுதினார்: "என் வரியில் தொடங்கி எல்லா இரங்கல் வரியையும் எடுத்துவிடுவோம். அவரை யாராவது நேரில் பார்த்திருந்தால், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பார்க்காதவர்கள் எழுத வேண்டாம். நான் பார்க்கவில்லை. அதனால் நான் எழுதவில்லை."

பக்கம் காலியானது. பிறகு ஒரு பையன், தங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோனபோது உள்ளே மாட்டிக்கொண்ட தன் தம்பிக்கு அவர் வெளியிலிருந்து விடுகதை போட்டுக்கொண்டே கதவைத் திறந்தார் என்று எழுதினான். இன்னொருத்தி, அவர் பெட்டியைத் தரையில் வைக்கும்போது சத்தம் வராமல் வைப்பார் என்றாள். அதற்கப்புறம் முட்கம்பி எழுதினாள்.

"உங்க அப்பா ஸ்கூல் கேட்டுக்கு வரமாட்டார். முனையில மருந்துக்கடை போர்டுக்குக் கீழ ஸ்கூட்டரை நிறுத்திட்டு நிப்பார். கையில கிரீஸ் இருக்கும். ஒரு துணியால தொடச்சுக்கிட்டே இருப்பார். கை சுத்தமானப்புறமும் தொடச்சுக்கிட்டே இருப்பார். நாங்க கூட்டமா வந்தா கடைக்குள்ள எதையோ பார்க்கிற மாதிரி திரும்பிக்குவார். ஏன்னா கேட்டுக்கு வர வேணாம்னு நீ சொல்லியிருந்த."

அந்த மருந்துக்கடையைத்தான் ஆசிரியை தினமும் கடக்கிறார். தலையைத் தூக்கி 'க்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். அதற்குக் கீழே ஒரு மனிதர் வருடக்கணக்காகக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

கடைசி வரி அவரை உறுத்தியது. அது கண்ணால் பார்த்தது அல்ல. குத்துவதற்கென்றே வைத்தது போலவும் இருந்தது. பேசலாம், காலையில் முட்கம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று நினைத்தார். காலை வருவதற்குள் யாரோ அதைப் படம்பிடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அது கை மாறிக் கை மாறி அந்தப் பெண்ணின் சித்தப்பாவிடம் போய்ச் சேர்ந்தது.

பள்ளி மணி அடிக்கும் முன்பே சித்தப்பா பிரின்ஸிபல் அறையில் நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எங்க அண்ணன் போன சூடு இன்னும் ஆறல. அதுக்குள்ள அந்தப் பொண்ணுதான் அப்பாவை ஒதுக்கி வச்சான்னு ஊருக்கே எழுதிப் போடுறீங்களா? செத்தவனை வச்சுப் பாடம் நடத்துறீங்களா?"

ஆசிரியை வாயைத் திறந்தார். எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை. "எழுதச் சொன்னது நான்தான்" என்றார். அது அவர் சின்னக் குரலில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

"அழிங்க" என்றார் பிரின்ஸிபல். "இப்பவே. இங்கேயே. பக்கத்தையும் மூடிடுங்க."

ஆசிரியை கைபேசியை எடுத்தார். விரலை முட்கம்பியின் கருத்தின்மேல் அழுத்திப் பிடித்தார். "நிச்சயமாக நீக்கவா?" என்று திரை கேட்டது. அந்த நேரத்திலும் அந்த 'நிச்சயமாக' அவர் கண்ணில் பட்டது. இல்லை என்று சொல்லத்தான் உள்ளே ஒன்று துடித்தது. ஆம் என்பதை அழுத்தினார்.

முட்கம்பியைப் பிரின்ஸிபல் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார். வகுப்பு அவளை அதைவிட நன்றாகத் தண்டித்தது. பெஞ்சில் அவளுக்கு இருபக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அவள் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்று சொல்வதைத் தவிர வாயைத் திறக்கவில்லை. ஆசிரியை பெஞ்சுகளுக்கு இடையே நடந்துதான் பாடம் நடத்தினார். ஆனால் அந்த வரிசைக்கு வரும்போது நடையை வேகமாக்கிக்கொண்டார். அது தனக்கே தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

அடுத்த வாரம் ஜன்னலோரம் பள்ளிக்கு வந்தாள். மதியம் ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். மற்ற ஆசிரியர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"உக்காரும்மா."

உட்காரவில்லை. கைபேசியை நீட்டினாள். சித்தப்பாவின் கைபேசியிலிருந்து அவளாகவே எடுத்து அனுப்பிக்கொண்ட படம். முட்கம்பி எழுதியது முழுவதும் அதில் இருந்தது.

"இதை ஏன் மிஸ் அழிச்சீங்க?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதுக்கு ஏன் அழிக்கணும்?"

ஆசிரியை மேசைமேலிருந்த சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தார்.

"எந்தச் சொல் மிஸ் தப்பு?"

கிண்டலாகக் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு வரியைப் பற்றிக் கேட்பதுபோல, பதில் வேண்டும் என்று கேட்டாள். ஆசிரியை கைபேசியை வாங்கி மறுபடியும் படித்தார். ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். போர்டு. துணி. சுத்தமானப்புறமும். திரும்பிக்குவார். கடைசி வரியில் வந்து நின்றார்.

"இது..." என்று விரலை வைத்தார்.

"அது நிஜம் மிஸ். நான் சொன்னேன்." கைபேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "மத்த எல்லாத்துலயும் யாரோ ஒருத்தர் செத்துப்போயிருந்தார். இதுல மட்டும்தான் எங்க அப்பா நின்னுட்டிருந்தார். நான் இதுக்குப் பதில் எழுதி வச்சிருந்தேன். அனுப்புறதுக்குள்ள கமெண்ட்டே இல்ல."

"என்ன எழுதின?"

"அது அவளுக்கு எழுதினது மிஸ்."

அன்று மாலை ஆசிரியை ஜன்னலோரத்தின் வீட்டுக்குப் போனார். அம்மா கட்டில்மேல் கணவரின் வேலைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். துவைத்தும் போகாத கறை ஒவ்வொன்றிலும் இருந்தது. சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆனால் முகம் கொடுக்கவில்லை. ஆசிரியை நடந்ததைச் சொன்னார். தான் எழுதச் சொன்னதையும், தான் அழித்ததையும். பிறகு, "நீங்க சரின்னு சொன்னா அந்த ரெண்டு பொண்ணுங்களையும் வகுப்புல பேச வைக்கலாம்னு நினைக்கிறேன். வேணாம்னா இதோட விட்டுடுறேன்" என்றார்.

அம்மா கேட்டது வேறு. "கை சுத்தமானப்புறமும் தொடைப்பார்னு எழுதியிருந்தாளாமே. வீட்லயும் அப்படித்தான் மிஸ். சோறு போட்டு வச்சிட்டு நான் உக்காந்திருப்பேன், அவர் தொடச்சுக்கிட்டே நிப்பார். அதை நான் மட்டும்தான் பார்த்திருக்கேன்னு நினைச்சுட்டிருந்தேன்." மடித்த சட்டையை மறுபடி பிரித்தார். "எந்தப் பொண்ணு அது? ஒரு நாள் வரச் சொல்லுங்க."

சித்தப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்கு வந்ததுல நான் கடைசி வரியைத்தான் பார்த்தேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

பிரின்ஸிபலிடம் மறுநாள் காலையிலேயே ஆசிரியை போய் நின்றார். வீட்டில் சம்மதித்ததைச் சொன்னார். பிரின்ஸிபல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பக்கத்தைத் திறக்க நான் விடமாட்டேன். மறுபடி வெளிய போகாதுன்னு உங்களால உறுதி சொல்ல முடியுமா? முடியாது. ஆனா வகுப்புக்குள்ள நாலு சுவருக்கு நடுவுல நீங்க என்ன நடத்துறீங்கன்னு நான் வந்து நிக்கப் போறதில்ல." அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று ஆசிரியைக்கும் பட்டது.

வகுப்பில் அவர் அன்று புத்தகத்தைத் திறக்கவில்லை. எல்லோரும் கைபேசியைப் பைக்குள் வைக்கும்வரை காத்திருந்தார். பிறகு வழக்கத்தைவிட உரக்கப் பேசினார். உரக்கப் பேசிப் பழக்கமில்லாததால் குரல் கரகரத்தது.

"பார்த்ததை எழுதுன்னு சொன்னது நான். எழுதினவளைத் தனியா விட்டதும் நான். அவ எழுதினதை அழிச்சது தப்பு. அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

முட்கம்பி தலையைத் தூக்கவில்லை. இருபக்கமும் காலி இடம் அப்படியே இருந்தது.

"அன்னைக்கு எழுதினதை நீயே வாசிக்கிறியா?" என்று அவளிடம் கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"நான் வாசிக்கிறேன் மிஸ்" என்று ஜன்னலோரம் எழுந்தாள்.

ஆசிரியை கையசைத்து அனுமதிக்க, அவள் மட்டும் கைபேசியை எடுத்தாள். தன் அப்பாவைப் பற்றி இன்னொருத்தி எழுதியதைத் தன் குரலில் வாசித்தாள். "கேட்டுக்கு வர வேணாம்னு நீ சொல்லியிருந்த" என்ற இடத்தில் நிறுத்தினாள். கைபேசியை மூடி மேசைமேல் வைத்துவிட்டுப் பின்பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள்.

"சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அன்னைக்கு எல்லாரும் அவர் கையையே பார்த்தாங்க, அதனால சொன்னேன். அதுக்கப்புறம் அவர் கேட்டுக்கு வரவே இல்ல. வாங்கன்னு சொல்லணும்னு தினமும் நினைப்பேன். வாய் வரல. அவர் அங்க நிக்கிறதுதான் பழகிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்." மூச்சு வாங்கினாள். "நான் சொன்னது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். உனக்கு எப்படித் தெரியும்?"

ஆசிரியை அந்த வரிசையை நோக்கி நடந்தார். இந்த முறை வேகமாக நடக்கவில்லை. முட்கம்பியின் பக்கத்தில் போய் நின்றார்.

"அவர்தான் சொன்னார்" என்றாள் முட்கம்பி. "மழை பெஞ்ச அன்னைக்கு நானும் அந்தக் கடைக்குக் கீழதான் ஒதுங்கினேன். கேட்டுல கூரை இருக்கே, அங்க போய் நிக்கலாமே அங்கிள்னு கேட்டேன். பொண்ணு வேணாம்னு சொல்லிட்டாம்மான்னார்."

"அப்படியே அதே சொல்லா?" என்றார் ஆசிரியை. மிரட்டாமல், தினமும் கேட்பதுபோலத்தான் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. அவர் சொன்னது அவ்வளவுதானா?"

முட்கம்பி பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"சிரிச்சுக்கிட்டே சொன்னார் மிஸ்."

வகுப்பில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

"சிரிச்சுக்கிட்டே, 'பொண்ணு வேணாம்னு சொல்லிட்டாம்மா, பெரியவளாயிட்டா இல்ல'ன்னு சொன்னார். பெருமையாச் சொல்ற மாதிரி சொன்னார். அப்புறம் அந்தத் துணியையே குடுத்து, தலையைத் தொடச்சுக்கோ, இந்தப் பக்கம் கிரீஸ் இல்லன்னு சொன்னார்."

"அதை ஏன் எழுதல?"

"கோபம் மிஸ்." இப்போதுதான் அவள் தலையைத் தூக்கினாள். ஆசிரியையைப் பார்க்கவில்லை, முன்னால் நின்றவளைப் பார்த்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போக யாரும் வந்ததில்ல. ஒரு நாள்கூட வந்ததில்ல. உனக்குத் தினமும் ஒருத்தர் வந்து நிக்கிறார், நீ அவரைத் தள்ளி நிக்க வைக்கிற. எனக்கு உன்மேல கோபம். அதான் அதை மட்டும் விட்டுட்டேன்."

ஜன்னலோரம் நின்ற இடத்திலேயே நின்றாள். முகம் கோணவில்லை; கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"பெரியவளாயிட்டா இல்லன்னா சொன்னார்?" என்றாள்.

"ஆமா."

"இன்னொரு தடவை சொல்லு."

முட்கம்பி சொன்னாள். இந்த முறை அந்தச் சிரிப்பும் கொஞ்சம் அவள் குரலில் வந்தது. அவளுக்கே தெரியாமல் வந்தது. ஜன்னலோரம் தன் பையை எடுத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து, காலியாக இருந்த இடத்தில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. முட்கம்பி நகர்ந்து இடம் கொடுத்தாள். இடம் ஏற்கெனவே நிறைய இருந்தது.

வகுப்புக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூலையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். முன்பெஞ்சில் ஒரு பையன், கண் கலங்கியவன், இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கமாகச் செய்வதைச் செய்வதற்காக இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கினான், தட்டப் போனான்.

ஆசிரியை விரைந்து போய் அவன் இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளால் பிடித்தார். கோபமாகப் பிடிக்கவில்லை. ஒன்றோடொன்று சேரவிடாமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.